காற்று வரும் வழியே போய் வந்தோம்: நாபாவும் சான் பிரான்சிஸ்கோவும்

கோடையில் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் குடியிருப்பவர்களுக்கு டெல்டா ப்ரீஸ் என்றால் தெரியும். பகல் முழுக்க 40 டிகிரியை ஒட்டி வெயில் கொளுத்தும். சாயங்காலமானால் தென்மேற்கிலிருந்து குளுகுளுவென்று ஒரு காற்று வரும். ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறந்துவிடுவோம். அந்தக் காற்று கிளம்பும் இடத்தையும் அது வரும் வழியையும் ஒரே வார இறுதியில் பார்க்க முடியும் என்பது, ஆகஸ்ட்டில் நானும் என் கணவரும் ஒயினுக்குப் பேர்போன நாபா போய், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

அவருக்கு ஒயின் பிடிக்கும். நான் குடிப்பதில்லை. அதனால் கார் சாவி என் கையில். ஒயின் ஊருக்குப் போகும் ஜோடிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத்தான் அங்கே அதிகம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

முதலில் போனது கார்னெரோஸ் பகுதி. நாபா, சோனோமா இரண்டு மாவட்டங்களின் தெற்கு ஓரம், சான் பாப்லோ விரிகுடாவை ஒட்டிய தாழ்வான குன்றுகள். காலை பத்து மணிக்கும் மூடுபனி முழுசாக விலகவில்லை. எங்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டிய அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெயிலில் கறுத்த கைகள், தலையில் வைக்கோல் தொப்பி. "முதலில் பனியைப் பாருங்கள், ஒயினை அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் ஆரம்பித்தார். பசிபிக் இங்கே கோடையிலும் குளிர்ந்த கடல். உள்நாட்டுச் சமவெளி சூடேறி அங்குள்ள காற்று மேலே எழும்பும்போது, கோல்டன் கேட் என்ற கடல் வாசல் வழியாகக் கடற்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு விரிகுடா வழியாக வடக்கே ஏறி இந்தத் தோட்டங்களுக்கு வருகிறது. இன்னொரு பங்கு கிழக்கே திரும்பி ஆற்று டெல்டா வழியாக எங்கள் ஊருக்குப் போகிறது. இதைக் கேட்டதும் நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

குளிர்காற்று தெற்கிலிருந்து நுழைவதால் நாபா பள்ளத்தாக்கில் வடக்கே போகப் போகச் சூடு கூடும். வடக்கு என்றால் குளிர் என்று நாம் நினைத்திருப்போம், இங்கே அது தலைகீழ். கார்னெரோஸின் குளிருக்கு பினோ நுவார், ஷார்டனே என்ற திராட்சை வகைகள். மேலே ஓக்வில், ரதர்ஃபோர்ட் பக்கம் கேபர்னே சாவிஞோன். பள்ளத்தாக்கின் நீளமே 50 கிலோமீட்டருக்குள்தான், அதற்குள் இத்தனை மாற்றம்.

என் அம்மா வழித் தாத்தாவுக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் இருந்தது. பந்தலுக்குக் கீழே நிழலில் நடந்து, தலைக்கு மேலே தொங்கும் குலைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே பந்தலே கிடையாது. கம்பி கட்டி, கொடிகளை வேலி மாதிரி நிற்க வைத்திருக்கிறார்கள். குலைகள் இடுப்பு உயரத்தில் இருக்கின்றன. எங்கள் பக்கம் குளிர்காலம் இல்லாததால் கவாத்துதான் கொடிக்குப் பருவத்தைச் சொல்லும், வருடம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டிருக்கும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "அப்படியானால் கொடி எப்போதுதான் தூங்கும்?" என்று கேட்டார். இங்கே கொடிகள் குளிர்காலம் முழுக்க இலையில்லாமல் நிற்கும். அப்போது கவாத்து செய்தால் வருடத்துக்கு ஒரே ஒரு அறுவடை. அந்த ஒன்று போனால் அந்த வருடமே போச்சு.

நாங்கள் போன சமயம் காய்கள் நிறம் மாறிக்கொண்டிருந்தன. ஒரே குலையில் பச்சை, இளஞ்சிவப்பு, கருநீலம் மூன்றும் இருந்தன. நன்றாகப் பழுத்த ஒன்றைப் பறித்துக் கொடுத்தார். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருந்தது. தடித்த தோல், உள்ளே விதை, ஆனால் அப்படி ஓர் இனிப்பு. பிழிந்து காட்டினார், சாறு நிறமே இல்லாமல் வந்தது. சிவப்பு ஒயினுக்கு நிறம் தோலிலிருந்துதான் இறங்குகிறது. அடுத்து குனிந்து தண்டின் அடியில் ஒட்டுப் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி ஐரோப்பியக் கொடிகளின் வேரைத் தின்றுவிடும். அதனால் தாங்கும் சக்தியுள்ள அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டுகிறார்கள். அப்படி நம்பி வைத்த ஒரு வகை வேரே 1980களில் பூச்சியிடம் தோற்றுப்போய், நாபாவில் ஏராளமான தோட்டங்களைப் பிடுங்கி மறுபடி நட வேண்டியிருந்தது. வரிசைகளின் முனையில் ரோஜாச் செடி வைப்பது எதற்கு என்று என் கணவர் கேட்டார். சாம்பல் நோய் ரோஜாவில்தான் முதலில் தெரியும் என்பது அந்தக் காலத்து வழக்கம், இப்போது அழகுக்கு வைக்கிறோம் என்றார்.

நுரைக்கும் ஸ்பார்க்ளிங் ஒயினுக்கான திராட்சையைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால், ஆகஸ்ட்டிலேயே அறுக்கிறார்கள். அதுவும் இருட்டில், விளக்குப் போட்டு, காய் குளிர்ச்சியாக இருக்கும்போதே. வேலையை முடித்துவிட்டு மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்சிகோக்காரர்களைக் கடந்து போனோம். டேஸ்டிங் ரூமில் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அந்த மரத்தடிப் பக்கம் போய்விட்டு வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

டேஸ்டிங் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பெரும்பாலான இடங்களில் முன்பதிவு கேட்கிறார்கள். வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை. எனக்குத் திராட்சைச் சாறு கொடுத்தார்கள். ஊற்றிக் கொடுத்த இளைஞர், 1976-ல் பாரிசில் பெயர் தெரியாமல் ஊற்றி வைத்த கோப்பைகளில் பிரெஞ்சு நடுவர்களே நாபா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்த கதையை நேற்று நடந்த மாதிரி சொன்னார்.

மத்தியானம் பள்ளத்தாக்கின் வடகோடியில் இருக்கும் கலிஸ்டோகா போனோம். அனல் அடித்தது. வழியில் குன்றுகளின் மேல் கருகிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. 2020 செப்டம்பரில் வந்த கிளாஸ் ஃபயர் என்ற காட்டுத்தீ அங்கே பல ஒயினரிகளையும் வீடுகளையும் எரித்தது. தப்பித்த தோட்டங்களிலும் திராட்சையில் புகை ஏறிவிட்டதால் அந்த வருடம் சிவப்பு ஒயினே போடாதவர்கள் உண்டு. சாப்பிடப் போன கடையில் பரிமாறிய பெண், வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்ன அந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நாங்களும் சாப்பாட்டைக் கேட்கவில்லை.

அங்கிருந்து இறங்கி, 101 நெடுஞ்சாலை வழியாகக் கோல்டன் கேட் பாலம். கலிஸ்டோகாவில் 36 டிகிரி காட்டிய காரின் மீட்டர் பாலத்துக்கு வரும்போது 15-க்கு இறங்கிவிட்டது. பாலத்தின் கோபுரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. காரை நிறுத்திவிட்டுக் கிழக்குப் பக்க நடைபாதையில் நடந்தோம். பனிக்காகப் பாலத்தில் ஊதும் ஹார்ன் சத்தம் காலடியில் அதிர்ந்தது. 1937-ல் திறந்த பாலம். கப்பல்களுக்குத் தெரிய வேண்டும் என்று கடற்படை கறுப்பு மஞ்சள் பட்டை அடிக்கச் சொன்னதாம். இர்விங் மோரோ என்ற கட்டிடக் கலைஞர் இந்த ஆரஞ்சுச் சிவப்புக்காகப் பேசி நிலைநிறுத்தினார். பனிக்குள் நின்று பார்த்தால் அவர் செய்தது எவ்வளவு சரி என்று தெரிகிறது. "நம்ம வீட்டு ஜன்னலுக்கு வர்ற காத்து இதுதானா?" என்று என் கணவர் கேட்டார். காதில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டே தலையாட்டினேன்.

மறுநாள் கேபிள் கார், அதாவது தெருத் தண்டவாளத்தில் கயிறு இழுத்து ஓடும் வண்டி. ஏறுவதற்கு முன் வாஷிங்டன் தெருவும் மேசன் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் கேபிள் கார் மியூசியத்துக்குப் போய்விடுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. அது வெறும் கண்காட்சி இல்லை, ஊரின் கேபிள்கள் எல்லாம் ஓடுவது அங்கிருந்துதான். பெரிய பெரிய சக்கரங்கள் கண்ணெதிரே சுற்றுகின்றன. வண்டியில் எஞ்சினே கிடையாது. தெருவுக்கு அடியில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் இரும்புக் கயிற்றை, வண்டியை ஓட்டும் கிரிப்மேன் ஒரு லீவரால் பிடிக்கிறார், நிறுத்த வேண்டுமென்றால் விடுகிறார். 1873-ல் ஆண்ட்ரூ ஹாலிடி ஓடவிட்ட அதே முறை. 1947-ல் மேயர் இதையெல்லாம் எடுத்துவிட்டு பஸ் விடலாம் என்றபோது, ஃப்ரீடல் கிளஸ்மேன் என்ற பெண்மணி ஆட்களைத் திரட்டி, வாக்கெடுப்பு வரை போய்க் காப்பாற்றினார். அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஆள் அவர்தான்.

பவல் தெருவில் கூட்டம் அதிகம் என்பதால் கலிஃபோர்னியா தெரு வண்டியில் ஏறினோம். இறக்கத்தில் மரம் கருகும் வாசனை வந்தது. நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்த கிரிப்மேன், "பிரேக்தான், கவலைப்படாதீங்க" என்று சிரித்தார். தண்டவாளத்தில் அழுத்தும் பிரேக் இன்றும் மரக்கட்டை. தேய்ந்து போவதால் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுகிறார்களாம். அவர் லீவரைப் பிடித்த பிடியில் முழு உடம்பின் பாரமும் இருந்தது.

ஃபில்பர்ட், வெப்ஸ்டர் தெருக்கள் சந்திக்கும் மூலையில் வேதாந்த சங்கத்தின் பழைய கோயில் இருக்கிறது. விவேகானந்தர் 1900-ல் தொடங்கிய சங்கம். 1906 ஜனவரியில் பிரதிஷ்டை நடந்தது, ஏப்ரல் 18-ல் பூகம்பம் வந்தது. ஊரை எரித்த தீயை வான் நெஸ் அவென்யூவில் தடுத்து நிறுத்தியதால் அதற்கு மேற்கே இருந்த கோயில் தப்பியது. வெங்காய வடிவக் கும்பம் ஒரு பக்கம், கோட்டைக் கொத்தளம் மாதிரி ஒரு பக்கம். வெளியே நின்று வெகுநேரம் பார்த்தோம். நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் நின்று, இதே தெருவில்தான் பிறந்தேன் என்று பேசத் தொடங்கினார். சாய்வாக நிற்கும் கார்களின் சக்கரம் எல்லாம் ஏன் திரும்பியிருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். அது சட்டமாம். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் சக்கரம் ஓரக்கல் பக்கம், ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் தெருப் பக்கம். பிரேக் விட்டாலும் கல் தடுத்துவிடும்.

போகிறவர்கள் ஆகஸ்ட்டில் இரண்டு ஊருக்கும் ஒரே பெட்டியில் பருத்தியும் கம்பளியும் வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் வெயில் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர்தான் சரி, அறுவடையும் அப்போது மும்முரமாக இருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் காருக்குள் ஒரு பையைக்கூட வெளியே தெரிய வைக்காதீர்கள், கண்ணாடியை உடைத்து எடுப்பது சாதாரணம். பாலத்தில் தெற்கே நகருக்குள் போகும்போது மட்டும்தான் டோல், காசு வாங்க ஆள் இல்லை. ஞாயிறு சாயங்காலம் எங்கள் பக்கம் திரும்பும் 80-ஆம் நெடுஞ்சாலையில் நெரிசல் கடுமை. மத்தியானச் சாப்பாட்டை முடித்ததும் கிளம்பிவிடுங்கள்.