பாலுக்குள் லேசர் ஒளி: நடுப்பகுதியில் பரவல் சமன்பாடு ஏன் பொருந்துதில்லை?

திருநெல்வேலிப் பெடியன்:
அண்ணைமார், அக்காமார், ஒரு உதவி. கம்பஸ் இறுதியாண்டு புரொஜெக்டுக்காகத் தண்ணீர் கலந்த பாலுக்கு மேலே சிவப்பு லேசர் பொயின்ரரை அடித்து, மேற்பரப்பில் பரவுகிற வெளிச்சத்தைப் போனில் படமெடுத்து, பரவல் சமன்பாட்டோடு (சிதறித் திரியும் ஒளி எப்படிப் பரவும் என்று சொல்லும் சமன்பாடு) ஒப்பிடுகிறேன். தூரத்தில் வளைகோடு ஓரளவு பொருந்துகிறது. லேசர் படும் புள்ளியைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குள் ஒன்றும் சரிவரவில்லை. பால் இருப்பது வீட்டுத் தேத்தண்ணிக் கிளாஸில். சேர் மொண்டே கார்லோ (ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எழுமாற்றாய் நடக்கவிட்டுக் கணக்கிடும் நிரல்) எழுதிப் பார் என்கிறார். அது தேவைதானா, சமன்பாட்டின் சிதறல், உறிஞ்சல் குணகங்களை மாற்றினால் போதாதா?

கோப்பாய் அக்கா:
குணகத்தை மாற்றி ஒப்பேற்றாதை தம்பி. ஒளி தான் வந்த திசையை முழுக்க மறந்த பிறகுதான் அந்தச் சமன்பாடு செல்லும். பாலில் உள்ள கொழுப்புத் துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிக்கும், ஒரு சிதறலில் திசை கொஞ்சம்தான் திரும்பும். சிதறல் கோணத்தின் கோசைன் சராசரி 0.9 என்று வை, இரண்டு சிதறலுக்கு இடைத்தூரம் 0.1 மில்லிமீற்றர் என்று வை, அப்போ திசை மறக்கவே 1 மில்லிமீற்றர் வேணும், சமன்பாட்டை நம்ப அதைப்போல சில மடங்கு தள்ளி நிற்க வேணும். உன்ர பிரச்சினை சரியா அந்த இடத்திலதான்.

மொண்டே கார்லோ பெரிய வித்தை இல்லை. 0க்கும் 1க்கும் இடையில் ஒரு எழுமாற்று எண் எடு, அதன் இயற்கை மடக்கையின் எதிர்ப்பெறுமானத்தை மொத்தக் குணகத்தால் (சிதறல், உறிஞ்சல் குணகங்களின் கூட்டுத்தொகை) வகுத்தால் அடுத்த அடியின் நீளம் வரும். ஒவ்வொரு அடியிலும் போட்டனின் (ஒளித்துகளின்) நிறையில், அதாவது அது சுமக்கும் ஒளியின் அளவில், உறிஞ்சலுக்கான பங்கைக் கழி. திரும்பும் கோணத்துக்கு ஹென்யியும் கிரீன்ஸ்டைனும் 1941இல் விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசுக்காகத் தந்த வாய்பாடே பாலுக்கும் உதவும். மேற்பரப்பில் முறிவுச்சுட்டி மாறுவதால் ஒரு பங்கு உள்ளே தெறிக்கும், அதை விட்டுவிடாதை, கனபேர் அதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

நல்லூர் அண்ணை:
அக்கா சொன்னது சரி, ஆனா எனக்கு அந்தக் கிளாஸ்தான் உறுத்துது. சிவப்பு ஒளியைத் தண்ணீர் கொஞ்சம்தான் உறிஞ்சும், 650 நனோமீற்றரில் சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 0.003. குறைத்த சிதறல் குணகம் (சிதறல் குணகத்தை, 1இலிருந்து கோசைன் சராசரியைக் கழித்து வருவதால் பெருக்கியது) சென்ரிமீற்றருக்கு 10 என்றால் மூன்றையும் இரண்டு குணகங்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடு, 0.3 வரும். அதாவது ஒளி மங்கவே 3 சென்ரிமீற்றருக்கு மேல் போகும். தேத்தண்ணிக் கிளாஸில் அதுக்குள்ள சுவர் வந்திடும், சமன்பாடோ எல்லையில்லாப் பாலை நினைத்துப் போட்டது. ஒரு அகலமான பேசினுக்கு மாறு.

போன் படமும் பொல்லாதது. சாதாரணப் படத்தில் பிரகாசம் ஒளிக்கு நேர்விகிதமாக இராது, நடுப்புள்ளியும் வெள்ளையாகி நிரம்பிப் போயிருக்கும். புரோ மோடில் ரோ கோப்பாக (சென்சர் பதிந்தபடியே, போன் திருத்தாத கோப்பு) எடு, நடுவுக்கு ஒன்று, ஓரத்துக்கு ஒன்று என்று ஷட்டர் நேரத்தை மாற்றி.

திருநெல்வேலிப் பெடியன்:
ஓம் அண்ணை, நடுப்பகுதி வெள்ளையாத்தான் இருக்கு. பேசின் மாத்திறன். மொண்டே கார்லோ கோட் (நிரல்) சரியா எண்டு எப்படிப் பார்க்கிறது?

கோப்பாய் அக்கா:
கோசைன் சராசரியை 0.9இலிருந்து 0.8 ஆக்கி, சிதறல் குணகத்தைப் பாதியாக்கி இன்னொருக்கா ஓட்டு. குறைத்த சிதறல் குணகம் அப்படியே இருக்கும், அதனால் தூரத்து வளைகோடு கிட்டத்தட்ட அசையக்கூடாது, நடுப்பகுதி மட்டும் மாறவேணும். தூரமும் மாறினால் நிரலில் பிழை.