தாலி கட்டுற நேரத்துல கேமரா எங்க நிக்கணும்?

குழு: நம்ம வீட்டுக் கல்யாணம்

பாம்பன் மாமா (இரவு 8:12): ஞாயித்துக்கிழமை நான் தாய்மாமனா மேடையில நிக்கணும். அதனால கேமரா தம்பி கையிலதான். நான் கல்யாண போட்டோ எடுக்கப் போறப்பல்லாம் என்கூட வந்து லைட்டு பிடிச்ச பையன், யாரும் பயப்பட வேணாம்.

தம்பி: எனக்கே பயமா இருக்கு மாமா. கேமராவ ஆட்டோ மோடுல வச்சு எடுத்துரவா?

பாம்பன் மாமா: வேணாம் மாப்ள. வெளிச்சம் கம்மியா இருந்தா ஆட்டோ ஷட்டர மெதுவாக்கிரும், கையெல்லாம் கலங்கிப் போகும். எல்லாத்தையும் நாமளே வைக்கிற மேனுவல்ல வை. அப்பர்ச்சர், அதான் லென்ஸோட வாய், எஃப் 4. 2.8ன்னு திறந்து வச்சுக் கிட்டத்துல நின்னா முடிச்சு தெளிவா இருக்கும், பொண்ணு முகம் மங்கிரும். வெளிச்சத்த ஏத்திக் காட்டுற ஐஎஸ்ஓவ 3200 வரைக்கும் ஏத்து. புள்ளி விழுந்தாச் சரி பண்ணிக்கலாம், கலங்குன படத்த ஒண்ணும் பண்ண முடியாது.

தம்பி: ஷட்டர் 1/200 செகண்டுல வைக்கவா?

பாம்பன் மாமா: அங்கதான் சிக்கல். மேடையில பூராவும் எல்இடி. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி செகண்டுக்கு 100 தடவ மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஷட்டர் வேகமாப் போனா படத்துல கோடு கோடா விழும். 1/100ல வை. சத்தமில்லாம எடுக்குற சைலண்ட் ஷட்டரத் தொடவே தொடாத, அதுல இன்னும் மோசம். பிளாஷ வெள்ளைக் கூரையப் பாத்துத் திருப்பி அடி, கை அசைவு அவ்வளவாத் தெரியாது. சாமியானாவுக்குக் கீழ அப்படி அடிச்சிராத, துணியோட கலரு முகத்துல இறங்கிரும்.

அம்மா: எங்க ஆல்பத்துல தாலி கட்டுற போட்டோவே இல்ல தம்பி. எல்லாம் சொந்தக்காரங்க முதுகுதான். இன்னைக்கும் அந்தப் பக்கம் வந்தா மனசு ஒரு மாதிரி ஆயிரும். என் மகளுக்கு அப்படி ஆகக் கூடாது.

பாம்பன் மாமா: ஆகாதுக்கா. மாப்ள, இத மட்டும் மறந்துராத. கெட்டிமேளம்னு குரல் கேட்டப்புறம் ஓடி வந்தா இடம் கிடைக்காது, எல்லாரும் எந்திரிச்சு அட்சதை போட ஆரம்பிச்சிருவாங்க. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சபைக்குப் போகும்போதே நீ ஹோமத்துக்கு நேரா முட்டி போட்டு உக்காந்துரணும். வீடியோக்காரர்கிட்ட முன்னாடியே பேசிக்க, ஆளுக்கொரு பக்கம். மேளம் மாறுனதும் பட்டனுல இருந்து விரல எடுக்காத. மாப்பிள்ளை கைய எடுத்தாலும் நிறுத்தாத, பின்னாடி நாத்தனார் முடிச்சு இருக்கு.

தம்பி: படத்த RAW ஃபைலா எடுக்கணுமா, ஜேபெக்லயா?

பாம்பன் மாமா: RAWதான், பின்னாடி திருத்த வசதி. ரெண்டு மெமரி கார்டுலயும் ஒண்ணாப் பதியுற மாதிரி வை.

உச்சிப்புளி சித்தி: அண்ணே, சனிக்கிழமை ராத்திரி லாட்ஜுல ஏசி ரூம் போட்டிருக்கு. கேமராவ அங்கேயே பத்திரமா வச்சிக்கிடட்டுமா?

பாம்பன் மாமா: ஐயையோ, வேணாம்மா! ராமேஸ்வரத்துல ஒரு தடவ நான் பட்ட பாடு இருக்கே. ராத்திரி பூரா ஏசியில வச்சிருந்து, விடியக்காலம் கல்யாண மண்டபத்துல வெளிய எடுத்தேன். கடக்காத்து ஈரம் அப்படியே லென்ஸுல படிஞ்சு பாலு ஊத்துன மாதிரி ஆயிருச்சு. துடைக்கத் துடைக்கப் படியுது. ஊஞ்சல் போட்டோ ஒண்ணுகூடத் தேறல. தாலி கட்டுறதுக்குள்ள தெளிஞ்சது ராமநாதசாமி புண்ணியம். வழியில்லாம ஏசியில வச்சா, பையோட ஜிப்பத் திறக்காம ஒரு மணி நேரம் முன்னாடியே வெளிய வச்சிரணும்.

அக்கா: மாமா, சாயங்காலம் அரியமான் பீச்சுல எங்க ரெண்டு பேரையும் எடுக்கணுமே?

பாம்பன் மாமா: அஞ்சு மணிக்கு மேல போங்கத்தா. மாப்ள, வெயில் அவங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும், முகத்துக்கு லேசா பிளாஷ் குடு. மணல்ல நின்னு லென்ஸ் மாத்தாத. உப்பும் மண்ணும் ஒட்டியிருந்தா முதல்ல காத்தடிக்கிற புளோயரால ஊதிட்டு அப்புறம் துடை, எடுத்ததும் துணிய வச்சா கீறிரும்.

தம்பி: சரி மாமா. சனிக்கிழமை சாயங்காலமே மேடை லைட்டையெல்லாம் போடச் சொல்லுங்க. கோடு விழுதான்னு எடுத்துப் பாத்துர்றேன்.

அம்மா: வெறும் மணவறையையா எடுப்ப? நானும் உங்க அப்பாவும் வந்து உக்காருறோம்ப்பா.