ஜெல் ஷிஃப்ட் சோதனை: 'நகர்வு மாற்றமா', 'பின்தங்கலா'?

அன்புடையீர், வணக்கம்.

சேலத்தில் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்து உயிர்வேதியியல் பயில வரும் மாணவர்களுக்கான செய்முறைக் குறிப்பேட்டில், ஒரு புரதம் டி.என்.ஏ.வைப் பற்றுகிறதா என்று பார்க்கும் ஜெல் ஷிஃப்ட் சோதனைக்கு நண்பர் முன்வைத்த 'மின்புல நகர்வு மாற்றச் சோதனை' என்னும் பெயர் சொல்லுக்குச் சொல் சரியே. ஆனால் நகர்வு கூடியதா குறைந்ததா என்பது அதிலிருந்து விளங்கவில்லை.

எதிர்மின்சுமை கொண்ட டி.என்.ஏ. துண்டு, பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் நுண்துளைகளூடே நேர்மின்முனையை நோக்கி நகர்கிறது. புரதம் அதனைப் பற்றிக்கொண்டால் வேகம் தளர்ந்து, வெறும் துண்டின் பட்டைக்கும் மாதிரியிட்ட குழிக்கும் இடையே வேறொரு பட்டை தோன்றுகிறது. 1981-இல் கார்னரும் ரெவ்சினும், தனியே ஃபிரைடும் குரோதர்சும், ஈ.கோலை பாக்டீரியாவின் லேக் மரபணுத் தொகுதியைக் கொண்டு இம்முறையை வெளியிட்ட காலந்தொட்டு ஆய்வாளர் தேடுவது இந்தத் தாமதத்தைத்தான். ஆகவே 'ஜெல் பின்தங்கல் சோதனை' என்பதே என் பரிந்துரை.

பின்தங்கலுக்குக் காரணம் நிறை கூடுவதே, ஆகவே பெயரில் 'நிறை' வேண்டும் என்ற கருத்தை ஏற்க இயலவில்லை. சி.ஏ.பி. என்னும் புரதம் டி.என்.ஏ.வை வளைக்கக்கூடியது, ஒரே நீளமுள்ள துண்டுகளில் அது அமரும் இடம் நடுவில் இருந்தால் மிகவும் பின்தங்கும், ஓரத்தில் இருந்தால் அவ்வளவு பின்தங்காது. இரண்டிலும் நிறை ஒன்றே, வடிவந்தான் வேறு.

புரதத்தை அடையாளங்காண அதற்குரிய எதிர்ப்பொருளையும் சேர்க்கும்போது பட்டை இன்னும் மேலே நின்றுவிடுவதை 'மிகைப் பின்தங்கல்' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். 'மிகை மாற்றம்' என்றால் மாணவர் குழம்புவர்.

ஜெல்லுக்குக் 'களி' என்பதை நான் ஏற்கவில்லை: எங்கள் பக்கத்து மாணவருக்கு அது ராகிக் களிதான், தேர்வுத்தாளில் வந்தால் வகுப்பே சிரிக்கும்.

1978-இல் காலசும் ஷ்மிட்சும் தந்த, டி.என்.ஏ.வை வெட்டும் நொதியிடமிருந்து புரதம் மறைத்துக் காக்கும் பகுதியை ஏணிப்படிபோல் அமையும் பட்டைகளிடையே வெற்றிடமாகக் காட்டும் ஃபுட்பிரின்டிங் முறைக்கு 'அடிச்சுவடு' போதும்.

எஞ்சியிருப்பது புரதமும் டி.என்.ஏ.வும் சேர்ந்த காம்ப்ளெக்ஸ். 'அணைவு' என்றால் மேனிலைப் பள்ளி வேதியியலின் உலோக அணைவுச் சேர்மங்களே நினைவுக்கு வரும் என்பதால், இப்போதைக்குப் 'பிணைப்புக் கூட்டு' என்று எழுதியிருக்கிறேன். 'கூட்டு' என்பது சேர்மத்தோடு மயங்கும் எனக் கருதுவோர் மாற்றுச்சொல் தந்தால் திருத்திக்கொள்ளலாம்.