சைகை மொழி பழகுபவரின் மூளையும் அதிலேயே வளர்ந்தவரின் மூளையும்

தண்டையார்பேட்டைவாசி:
என் மைத்துனர் பிறவியிலேயே காது கேளாதவர்; காசிமேட்டில் கிழிந்த வலைகளைத் தைக்கிறார். அவருடன் பேசுவதற்காக எட்டு மாதங்களாகச் சைகை மொழி பழகி வருகிறேன். ஒரு கையில் வலையைப் பிடித்தபடி மறு கையால் அவர் சொல்வது, அவருடைய நண்பர்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது. நானோ ஒரு சைகையைப் பிடிப்பதற்குள் அடுத்த இரண்டைத் தவறவிடுகிறேன். எனக்குப் படமாகத் தெரிவது அவர்களுக்கு மொழியாகத் தெரிவதற்கு மூளையில் காரணம் உண்டா?

பெரம்பூர் வாசகர்:
சைகை மொழியையும் பெரும்பாலும் இடப்பக்க மூளைதான் கையாள்கிறது. அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் உர்சுலா பெல்லுகியின் குழு 1980-களில் ஆராய்ந்தபோது, இடப்பக்க மூளையில் பாதிப்பு ஏற்பட்ட காது கேளாதோர் சிலர் சைகை மொழியில் தடுமாறினர். வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களோ, எளிய படத்தைக்கூடச் சரியாக வரைய இயலாத நிலையிலும் சைகையில் சரளமாகப் பேசினர். பின்னாளில், ஒரு செயலை நடித்துக் காட்ட முடிந்த ஒருவருக்கு அதற்குரிய சைகைச் சொல் வராமல் போனதும் பதிவாகியுள்ளது. சைகை மொழியை வெறும் அபிநயம் என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

திருவொற்றியூர் வாசகர்:
வலப்பக்கத்துக்கும் பங்கு உண்டு, அங்கேதான் வயது குறுக்கிடுகிறது. 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றில், காது கேளாத பெற்றோரிடம் அமெரிக்கச் சைகை மொழியைக் குழந்தையிலேயே கற்றவர்களையும், பருவமடைந்த பிறகு கற்றவர்களையும் ஒப்பிட்டனர். இரு சாராருக்கும் காது கேட்கும். இடப்பக்க மொழிப் பகுதிகள் இருவருக்கும் இயங்கின. வலப்பக்கக் கோண மடிப்பு என்னும் பகுதியோ, குழந்தையிலேயே கற்றவர்களுக்கு மட்டும் இயங்கியது. பிந்திக் கற்றவர்களுக்கும் இடப்பக்க மொழிப் பகுதிகள் இயங்கியதால், உங்கள் மூளை படம் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ண வேண்டாம்.

ராயபுரம் வாசகர்:
கையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். சரளமாகப் பேசுவோர் எதிரிலிருப்பவரின் முகத்தில் பார்வையை வைத்து, கைகளைக் கடைக்கண்ணால் வாங்கிக்கொள்கின்றனர். ஆம், இல்லை என்ற விடையை வேண்டும் கேள்வி முகத்தில்தான் கேள்வியாகிறது.

தண்டையார்பேட்டைவாசி:
நேற்றிரவு முகத்தைப் பார்த்தேன். சாப்பிட்டாயிற்றா என்று அவர் கேட்ட போதெல்லாம், தாம் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்கிறார் என்றெண்ணி எட்டு மாதமாகத் தலையாட்டி வந்திருக்கிறேன்.