ஈசி (சூழல் கட்டுப்பாட்டுக் கோழி) ஷெட்டில் கரண்ட் பில் எகிறுது, சூடு இறங்கலை – உதவுங்க

கேள்வி (பல்லடம் பக்கம், பிராய்லர்)
வணக்கங்க. 300க்கு 40 அடி ஷெட், எட்டு 50 இஞ்ச் ஃபேன், ஒவ்வொண்ணும் 1.5 ஹெச்பி. ஃபேனும், பேட் (தண்ணியில நனைஞ்சு, உள்ளே வர்ற காத்தைக் குளிர வைக்கிற தடுப்பு) மோட்டாரும் ராத்திரி பகலா ஓடியும் கடைசி வாரத்துக் கோழி வாயைப் பிளந்துட்டே கிடக்குது. மதியம் வெளியே 38 டிகிரி, பேட் ஓரத்துலயே 33. ஷெட் போட்டவர் இன்னும் ரெண்டு ஃபேன் மாட்டச் சொல்றார். ஒரு ஃபேனே நாளைக்கு 27 யூனிட் இழுக்குது. கட்டுப்படியாகுமாங்க?

பதில் (உடுமலை)
ஃபேன் வாங்காதீங்க. உள்ளே எட்டடி உயரம்னா, நிமிஷத்துக்கு 500 அடி வேகத்துக்கு 1,60,000 கனஅடி காத்து வேணும். ஃபேனுக்கு 20,000 வெச்சா எட்டே போதும். வெளியே 38, ஈரப்பதம் 30 சதவீதம்னா நல்ல பேட் 28 கிட்ட இறக்கிடும். 33ல நிக்குதுன்னா பேட் காஞ்சு கிடக்கு, இல்ல காத்து வேற வழியில நுழையுது. லைட்டை அணைச்சுட்டு உள்ளே நில்லுங்க, வெளிச்சம் வர்ற சந்தெல்லாம் சூட்டுக் காத்தும் வரும். படுதா ஓரத்துல ஊதுபத்தி பிடிச்சா புகையே காட்டிக் கொடுத்துடும். ஃபேன் ஷட்டர்ல தூசி அப்பியிருந்தா பாதிதான் திறக்கும்; காத்து குறையும், கரண்ட் குறையாது.

கேள்வி கேட்டவர்
பார்த்தேன் அண்ணா. கதவுக்கு அடியில கை நுழையற சந்து. பேட்ல பட்டை பட்டையா வெள்ளை உப்பு, அந்த இடம் தொட்டா காஞ்சிருக்கு.

பதில் (உடுமலை)
போர் தண்ணிதானே? தண்ணி ஆவியாகும், உப்பு தொட்டியிலயே தங்கும். தினமும் கொஞ்சம் வெளியேத்திப் புதுத்தண்ணி விடுங்க. உப்பு கெட்டிப்பட்ட பேட்டை மாத்தறது, ரெண்டு ஃபேனை வருஷம் பூரா ஓட்டறதை விட மேல்.

பதில் (கால்நடை மருத்துவர்)
இரவு முழுக்க பேட் ஓடுவதுதான் எனக்குக் கவலை. கோழிக்கு வியர்வை கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ஈரப்பதம் 80 தாண்டினால் அந்த வழியும் அடைபடும், தரையில் விரித்த நார்த்தூளும் நசநசத்து அம்மோனியா கிளம்பும். சாயங்காலம் வெக்கை தணிந்ததும் பேட் மோட்டாரை நிறுத்தி, காற்றை மட்டும் ஓடவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்
சரிங்க டாக்டர். அடுத்த பேட்ச் மார்கழியில இறங்குது, கேஸ் செலவு மிச்சமாக படுதாவை முழுசா அடைச்சு புரூடிங் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கறது) பண்ணலாமா?

பதில் (கால்நடை மருத்துவர்)
முழுக்க அடைக்காதீர்கள், காற்று கெட்டுவிடும். ஷெட்டின் ஒரு பகுதியை மட்டும் தடுத்து, குஞ்சு நிற்கும் உயரத்தில் முதல் சில நாள் 33 டிகிரி வையுங்கள். ஒரு ஃபேன் டைமரில் விட்டு விட்டு ஓடட்டும். குஞ்சு குவிந்தால் குளிர், ஓரம் ஒதுங்கினால் சூடு. அதைப் பார்த்து கேஸைக் கூட்டிக் குறையுங்கள்.