புரோநோட்டுக் கடனுக்கு டிகிரி (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) ஆகிவிட்டது, வீடு போய்விடுமா?

மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலை) கூலி வேலை, ராத்திரி கொஞ்சம் தையல். மகளின் நர்சிங் படிப்புக்கு வாங்கிய 80,000 ரூபாய்க்குக் குழித்துறை கோர்ட்டில் டிகிரி ஆகி, அதை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு நோட்டீசும் வந்துவிட்டது. வாங்கியது உண்மை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மாதம் 1,500க்கு மேல் முடியாது. கடன் கொடுத்தவரின் ஆள் முற்றத்தில் நின்று, மெஷினைத் தூக்குவேன், ஜெயிலில் போடுவேன் என்று தெருவுக்கே கேட்கச் சத்தம் போடுகிறான். முடியுமா?

தக்கலை குமாஸ்தா: முடியாது அக்கா. பணக் கடன் டிகிரிக்குப் பெண்களைக் கைது செய்யக்கூடாது. சிவில் நடைமுறைச் சட்டம் 56ஆம் பிரிவு. 60ஆம் பிரிவுப்படி தொழிலாளியின் கூலி, அவர் குடியிருக்கும் சொந்த வீடு, சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவி எதையும் ஜப்தி செய்ய முடியாது. வீட்டை அடமானம் வைத்திருந்தால் கதை வேறு. ஆனால் இதையெல்லாம் நீங்கள்தான் வாய்தாவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கேட்டவர்: அடமானம் இல்லை. வக்கீல் ஃபீசுக்கு எங்கே போவேன்?

இரணியல்காரி: சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள் அக்கா. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. டிகிரிக்குப் பிறகு தவணை கேட்டால் கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். வக்கீல் மூலம் பேசுங்கள். அப்புறம், அந்த ஆளிடம் கையில் பணம் கொடுக்காதீர்கள். கோர்ட்டில் பதியாத பணத்தை நிறைவேற்று மனுவில் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள்.