இண்டிகேட்டருக்கு எல்இடி பல்பு போட்டதும் படபடவென்று அடிக்கிறது, ரிலே மாற்றணுமா, ரெசிஸ்டர் போடணுமா?

தாரமங்கலத்தான் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2013 ஸ்ப்ளெண்டர் பிளஸ். அப்பா ஓட்டியது, இப்போது நான் தினமும் சேலத்துக்கு வேலைக்குப் போய்வர வைத்திருக்கிறேன், வீடு திரும்புவதற்குள் எப்படியும் இருட்டிவிடும். பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே இண்டிகேட்டர் மங்கி எரிகிறது, கூடவே பிரேக்கையும் பிடித்தால் இன்னும் மங்கல். அதனால் போன ஞாயிறு நான்கு இண்டிகேட்டருக்கும் மஞ்சள் எல்இடி பல்பு வாங்கி நானே மாட்டினேன். பழைய பல்பில் 12 வோல்ட் 10 வாட் என்று இருந்தது, புதியதில் வாட் எதுவும் போடவில்லை, கடைக்காரர் ஒரு வாட்டுக்குள்தான் இருக்கும் என்றார்.

முதலில் முன்பக்கம் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன், மின்னும் வேகம் கூடியது. நான்கையும் மாற்றியதும் படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது, எண்ணவே முடியவில்லை. பல்பு கழன்றிருக்கிறதோ என்று நான்கையும் கழற்றி மாட்டினேன், அப்படியேதான் இருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் ரெசிஸ்டர் (மின்தடை) போட்டால் சரியாகிவிடும் என்கிறார். யூடியூபில் பார்த்தால் இண்டிகேட்டரை மின்ன வைக்கும் ரிலேயை மாற்று என்கிறார்கள். எது சரி? வயரை வெட்டாமல் செய்ய வழி இருக்கிறதா? அப்படியே பின்னால் இருக்கும் சிவப்பு விளக்குக்கும் எல்இடி போடலாம் என்று நினைக்கிறேன், அதையும் சொல்லுங்கள்.


வயர்மேன்_குமாரபாளையம் எழுதியது:

தம்பி, பல்பில் குறை இல்லை, ரிலே அதன் வேலையைத்தான் செய்கிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு 10 வாட் பல்பு, மொத்தம் 20 வாட், 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர். அந்த 1.7 ஆம்பியர் தன் வழியாகப் போகும் என்று கணக்கு வைத்துத்தான் உங்கள் ரிலேயைச் செய்திருக்கிறார்கள். பல்பு ஒன்று ஃபியூஸ் ஆனால் கரண்ட் பாதியாகும், உடனே வேகமாக அடித்து "ஒரு விளக்கு போச்சு, பார்" என்று ஓட்டுபவருக்குச் சொல்லும். இப்போது நீங்கள் போட்டிருக்கும் எல்இடி இரண்டும் சேர்ந்தே 0.2 ஆம்பியர்கூட எடுக்காது, ரிலேயைப் பொறுத்தவரை இரண்டு பல்புமே போய்விட்டது என்றுதான் அர்த்தம். சில வண்டியில் வேகமாக அடிக்காது, போட்டது போட்டபடி அணையாமல் எரியும், இல்லையென்றால் எரியவே எரியாது. பழைய வகை ரிலேயில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு சூடாகி வளைந்தால்தான் கட் ஆகும். அது சூடாகும் அளவுக்கு எல்இடி கரண்ட் இழுப்பதில்லை.

எல்இடியோடு ரெசிஸ்டரையும் சேர்த்தால் அது பழைய பல்பு அளவுக்குக் கரண்ட் இழுத்து ரிலேயை ஏமாற்றும், ஆனாலும் அது வேண்டவே வேண்டாம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது காருக்கான 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டர், தங்க நிற அலுமினிய உடம்போடு இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 12 வோல்ட்டை 6 ஓமால் வகுத்தால் 2 ஆம்பியர், 24 வாட். ஒரு பக்கத்துக்கு ஒன்று போட்டால் பழைய பல்புகள் இரண்டும் சேர்ந்து எடுத்ததை விடக் கொஞ்சம் அதிகமாகவே எடுக்கும். பல்புக்கு ஒன்றாகப் போட்டுக்கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அப்போது 4 ஆம்பியர். உங்கள் வண்டி பேட்டரியின் கொள்ளளவே மூன்று ஆம்பியர் ஹவரைத் தாண்டாது. பேட்டரி பாரத்தைக் குறைக்கத்தானே எல்இடிக்கு மாறினீர்கள், அந்த மிச்சத்தையெல்லாம் ரெசிஸ்டரில் சூடாக்கி விட்டுவிட்டால் அப்புறம் என்ன பயன்?

ரிலேயை மாற்றுங்கள். "எல்இடி ஃப்ளாஷர்" என்று கேட்டால் பைக் உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கும். உள்ளே எலக்ட்ரானிக் சர்க்யூட், எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்க்காது, ஒரே சீராக அடிக்கும். பழையது எங்கே என்று தேட இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு சைடு கவரைக் கழற்றி, டிக் டிக் சத்தம் வரும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள், ரப்பரில் செருகிய சின்ன டப்பா ஒன்று விரலுக்கு அதிரும். அதில் இரண்டு வயர் வரும். ஒன்று கறுப்பு, சாவி போட்டதும் 12 வோல்ட் வருவது. இன்னொன்று சாம்பல் நிறம், சுவிட்சுக்குப் போவது. புதிய ரிலேயில் பி என்று எழுதிய காலுக்குக் கறுப்பு, எல் என்ற காலுக்குச் சாம்பல். தகடு வகைப் பழைய ரிலேயில் மாற்றிச் செருகினாலும் ஓடிவிடும், எலக்ட்ரானிக் ரிலே அப்படி ஓடாது. மாட்டி எரியவில்லை என்றால் பயப்படாமல் முதலில் இதைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாவதாக ஈ என்று ஒரு கால் இருந்தால் அது எர்த் (பேட்டரி மைனஸோடு சேர்வது), பக்கத்தில் எந்தப் பச்சை வயரோடும் சேர்க்கலாம். வாங்கும்போதே இரண்டு கால் ரிலேயாகக் கேட்டு, உங்கள் சாக்கெட்டில் அப்படியே செருகுவதுபோல் வாங்கினால் ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை.

பின் விளக்கு விஷயத்தை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். அந்த வருட வண்டிகளில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியில் ஓடவில்லை, இன்ஜினிலிருந்து நேராக ஏசியில் (திசை மாறி மாறி ஓடும் கரண்டில்) ஓடுகின்றன. ஐடிலில் ஹெட்லைட் மங்கி, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பிரகாசமாகிறதா? அப்படியென்றால் அதுதான். டிசிக்கான (பேட்டரி தரும் ஒரே திசைக் கரண்டுக்கான) எல்இடியை அதில் போட்டால் இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப நடுங்கும், சீக்கிரம் செத்தும் போகும். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் பல்பு என்று கேட்டு வாங்க வேண்டும். பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் பேட்டரியில் ஓடுவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.


பழைய_வண்டி_பிரியன் எழுதியது:

இதே சாக்கில் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன், தாரமங்கலம் நண்பர் மன்னிக்கணும். என்னுடையது இன்னும் பழைய வண்டி. மீட்டரில் இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை விளக்குதான். எல்இடி போட்டேன், எல்இடி ரிலேயும் போட்டேன், வேகம் சரியாகிவிட்டது. ஆனால் இடது பக்கம் போட்டால் நான்கும் மின்னுகிறது, வலது போட்டாலும் நான்கும். போன வாரம் இடது போட்டு ஓரம் கட்டும்போது பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் நான் நேராகப் போகிறேன் என்று நினைத்து இடது பக்கமே நுழைந்துவிட்டார், நூலிழையில் தப்பினோம். சுவிட்சில் ஷார்ட்டா?

இன்னொன்று, என் வண்டியில் இண்டிகேட்டர் மேல் கண்ணாடி ஆரஞ்சு நிறம். அதற்குள் வெள்ளை எல்இடி போட்டிருக்கிறேன். பழைய பல்பில் நல்ல ஆரஞ்சாகத் தெரிந்தது இப்போது வெளிறிப்போன எலுமிச்சை நிறத்தில் தெரிகிறது. இது பல்பின் தரக்குறைவா?


வயர்மேன்_குமாரபாளையம் எழுதியது:

ஷார்ட் எதுவும் இல்லை. சரிசெய்யும் வரை தயவுசெய்து பழைய பல்பையே போட்டு ஓட்டுங்கள், நான்கும் மின்னினால் திரும்பப் போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பச்சை விளக்கின் ஒரு கால் இடது வயரிலும் இன்னொரு கால் வலது வயரிலும் இருக்கிறது, அதற்கென்று தனி எர்த் கிடையாது. இடது போட்டால் கரண்ட் பச்சை விளக்கைத் தாண்டி வலது பக்க பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகும். பழைய 10 வாட் பல்புக்கு அந்தக் கொஞ்சம் கரண்ட் போதாது, இழை சிவக்கக்கூடச் செய்யாது, அதனால் இத்தனை வருடம் நமக்குத் தெரியவில்லை. எல்இடிக்கு சில மில்லி ஆம்பியர் கிடைத்தாலே எரிந்துவிடும்.

இதற்கு இரண்டு டயோடு போதும், கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம் அது, 1என்4007 என்று கேளுங்கள், சில ரூபாய்தான், சென்னை என்றால் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் இருக்கும். பச்சை விளக்குக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றுங்கள். இடது வயரில் ஒரு டயோடு, வலது வயரில் ஒரு டயோடு, இரண்டிலும் வெள்ளிக் கோடு போட்ட முனை விளக்கைப் பார்த்து இருக்கட்டும். அந்த இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்து விளக்கின் ஒரு காலில் கொடுங்கள், மற்றொரு காலை எர்த்துக்கு எடுத்துவிடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது, ஈயம் வைத்துப் பற்றவைத்து மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டு லைட்டரால் சுருக்கிவிடுங்கள்.

நிறத்துக்குக் காரணம் தரம் இல்லை. வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீல எல்இடி, அதன்மேல் மஞ்சள் பூச்சு. அதில் ஆரஞ்சு, சிவப்பு அலைகள் குறைவு. ஆரஞ்சு கண்ணாடி தன் நிறத்தை மட்டும்தான் வெளியே விடும், உள்ளே இருந்து வருவதிலேயே அது குறைவாக இருந்தால் கண்ணாடி என்ன செய்யும்? ஆரஞ்சுக் கண்ணாடிக்கு ஆரஞ்சு எல்இடி, சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடி. வெளிச்சம் கூடும், நிறமும் சரியாக இருக்கும்.


கோவை_கார்க்காரன் எழுதியது:

ரெசிஸ்டர் பற்றி என் அனுபவத்தையும் சொல்கிறேன். என் காரில் தனி ரிலே கிடையாது, பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற கம்ப்யூட்டர் பெட்டியே இண்டிகேட்டரை ஓட்டுகிறது, அதனால் ரெசிஸ்டர் தவிர வழியில்லை என்று பின்பக்கம் இரண்டுக்கும் 6 ஓம் போட்டேன். இடம் வசதியாக இருந்ததால் பம்பரின் உட்பக்கம் டபுள் டேப்பால் ஒட்டிவிட்டேன். ஒரு நாள் மழையில் அவிநாசி ரோட்டில் வண்டி நின்றுபோய், உதவிக்கு ஆள் வரும்வரை முக்கால் மணி நேரம் ஹஸார்டு விளக்கை (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட்டே வைத்திருந்தேன். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. மறுநாள் பம்பரைக் கழற்றிப் பார்த்தால் ரெசிஸ்டர் இருந்த இடம் மெழுகுபோல் உருகிக் குழிந்திருந்தது, பக்கத்தில் போன வயரின் உறை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் இருக்கும், அப்போது ஒவ்வொன்றிலும் 30 வாட்டுக்கு மேல், பாதி நேரம் அணைந்திருந்தாலும் சராசரி 15 வாட். சால்டரிங் அயர்னை டேப் போட்டு ஒட்டிவைத்த மாதிரிதான். போட்டே ஆகவேண்டும் என்றால் உலோகத் தகட்டில் திருகு வைத்து முடுக்குங்கள், வயர் எதுவும் உரசக்கூடாது. நான் கடைசியில் கழற்றிப் போட்டுவிட்டு பழைய 21 வாட் பல்புக்கே திரும்பிவிட்டேன், அதற்காக வருத்தமும் இல்லை. பல்பு போய்விட்டது என்று கார் எச்சரிக்காமல் இருக்க "கேன்பஸ்" என்று விற்கும் பல்பிலும் அதே ரெசிஸ்டரைத்தான் உள்ளே வைத்திருக்கிறார்கள், அந்தச் சூட்டிலேயே எல்இடி சீக்கிரம் மங்கிவிடுகிறது.

கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். வெள்ளைக் கண்ணாடிக்குள் இருக்கும் ஆரஞ்சு பல்பின் அடியில் பிஒய்21டபிள்யூ என்று இருந்தால் அதன் இரண்டு முள்ளும் நேர் எதிரே இருக்காது, 150 டிகிரியில் கொஞ்சம் சாய்ந்திருக்கும். சாதாரண பி21டபிள்யூ முள் நேர் எதிரே இருக்கும். யாரும் மறந்தும் வெள்ளை பல்பை அங்கே போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. உள்ளே போகவில்லை என்று அழுத்தித் திருப்பி ஹோல்டரை உடைத்துவிடாதீர்கள்.


ஆத்தூர்_ரோடு எழுதியது:

எல்லாரும் கரண்டைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நான் முதலில் வாங்கிய எல்இடி பல்பில் எல்லா சிப்பும் (ஒளிரும் சின்னப் புள்ளிகள்) நுனியில் மட்டும் இருந்தன. இரவில் கண்ணைக் கூசும், சந்தோஷமாக இருந்தேன். ஒரு நாள் மதியம் ஒரு மணி வெயிலில் வலது பக்கம் திரும்பும்போது பின்னால் வந்த வேன் பிரேக் அடித்து நின்று, ஓட்டுநர் இறங்கி வந்து இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறாயே என்று சத்தம் போட்டார். போட்டிருக்கிறேன் பாருங்கள் என்று காட்டினேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் வேனுக்குப் பக்கத்தில், கொஞ்சம் சாய்வாக நிறுத்தி, இப்போது பாருங்கள் என்றார். உண்மையிலேயே தெரியவில்லை. நேர் பின்னால் நின்றால் மட்டும் ஒரு புள்ளி எரிந்தது, பல்பைச் சுற்றி இருக்கும் பளபளப்பான கிண்ணம் முழுக்க இருட்டு.

பழைய பல்பின் இழை எல்லாப் பக்கமும் எரியும், அந்த ஒளியைக் கிண்ணம் வாங்கித்தான் அகலமாக வீசும். எல்இடியிலும் சுற்றுப்பக்கம் சிப் இருக்க வேண்டும், பழைய இழை இருந்த அதே உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மாட்டியதும் நண்பர் யாரையாவது பழைய பல்போடு ஒரு வண்டியைப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, உச்சி வெயிலில் இருபது முப்பது அடி தள்ளி, நேராகவும் இரண்டு பக்கம் சாய்வாகவும் நின்று பாருங்கள். பழையதை விட மங்கலாகத் தெரிந்தால் அந்த எல்இடி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் வேகம். நம் மோட்டார் வாகன விதிகளில் இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல் 120-க்கு மிகாமல் அடிக்க வேண்டும், நிறம் ஆம்பர்தான் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு). நீலம், வெள்ளை, ஓடும் விளக்கு எதுவும் வேண்டாம். சில எல்இடி ரிலேயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சின்னத் திருகு ஒன்று இருக்கும், போன் கடிகாரத்தை வைத்து எண்ணி 80, 90-க்குள் நிறுத்துங்கள். முடிந்தால் பிரேக் விளக்கையும் தரமான எல்இடியாக மாற்றுங்கள், இழை பல்பு முழுசாக எரிய ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், எல்இடி உடனே எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவர் அந்த நேரத்தில் மூன்று மீட்டருக்கு மேல் வந்துவிடுவார்.


தாரமங்கலத்தான் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் வேலை முடிந்தது. டிக் டிக் சத்தத்தை வைத்தே ரிலேயைக் கண்டுபிடித்தேன், வயர்மேன் அண்ணன் சொன்னது போலவே கறுப்பு, சாம்பல் இரண்டே வயர். இரண்டு கால் ரிலே வாங்கிச் செருகினேன், அடிக்கவே இல்லை, நெஞ்சு ஒரு நிமிடம் திக்கென்றது, அப்புறம் ஞாபகம் வந்து திருப்பிச் செருகியதும் ஓடியது. 15 நொடிக்கு 22 தடவை, நிமிடத்துக்கு 88.

இன்று மதியம் தம்பியை எதிரே நிறுத்தி வெயில் சோதனையும் செய்தேன். முன்பக்கம் இரண்டும் நன்றாகத் தெரிகின்றன. பின்பக்கம் நேராகப் பார்த்தால் சரி, சாய்வாக நின்றால் பழையதை விட மங்கல் என்கிறான். கழற்றிப் பார்த்தேன், அதிலும் சிப் எல்லாம் நுனியில்தான். இப்போதைக்குப் பின்னால் இரண்டிலும் பழைய 10 வாட்டையே திரும்ப மாட்டிவிட்டேன். புது ரிலே அதையும் இதையும் சேர்த்தே ஒரே வேகத்தில் ஓட்டுகிறது. சுற்றுப்பக்கம் சிப் இருக்கும் பல்பு சேலத்தில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐடிலில் ஹெட்லைட் மங்கத்தான் செய்கிறது, அதனால் டெயில் லைட்டில் கை வைக்கவில்லை.